ஆடி வெள்ளியில் கூட்டம் வைத்த நல்லதம்பி சார்

செய்தி வந்தபோது நான் காலைச் சந்தையில் முருங்கைக் கீரைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். கைபேசி அதிர்ந்தது. எங்கள் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் குழுவில் தலைமையாசிரியை எழுதியிருந்தார்: "நமது ஐயா திரு. ஐசக் நல்லதம்பி இன்று விடியற்காலை பிரிக்பீல்ட்ஸ் இல்லத்தில் இயற்கை எய்தினார்." நான் அதைப் படித்து முடிப்பதற்குள் கீழே கும்பிட்ட கைப் படங்களாக வந்து விழத் தொடங்கின. ஒருவர் "அன்பே உருவானவர்" என்று எழுதினார். இன்னொருவர் "யார் மனமும் நோகப் பேசாதவர்" என்று எழுதினார். நான் கீரைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னக்கா, கெட்ட சேதியா?" என்றாள் கீரை விற்றவள்.

"தெரியல" என்றேன். நிஜமாகவே அந்த நேரத்தில் தெரியவில்லை.

அன்று மாலை தலைமையாசிரியையே கூப்பிட்டார். நினைவுக்கூட்டத்துக்கு ஒரு சிறு மலர் போடுகிறோம், நீங்கள் எழுத வேண்டும் என்றார். "நானா டீச்சர்? அவரோட அதிகமாச் சண்டை போட்டவளே நான்தான்" என்றேன். "அதனாலதான் கேக்கறேன். மத்தவங்க எழுதுறத எல்லாம் படிச்சா யாரைப் பத்தின்னே தெரியல" என்றார். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். தேவார வகுப்பிலும் பத்திரிகையிலும் பழகிய தமிழ்தான் என்னுடையது. ஆனால் சங்கத்தின் வரவு செலவை இத்தனை வருடம் பார்த்து வந்ததில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. இல்லாததை வரவு வைக்க எனக்குக் கை வராது. ஆகவே அவரைத் தெரிந்த உங்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு நல்லதம்பி சாரைப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. இதில் இருவருக்கும் எந்த ஒளிவுமறைவும் இருந்ததில்லை.

அவர் எங்களிடம் வந்தது ஒரு திட்டத்துக்காக. எங்கள் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளின் வாரியங்கள் ஒன்றுகூடி, எல்லாப் பள்ளிகளுக்குமாக ஐந்தாண்டு வியூகத் திட்டம் ஒன்றை எழுதுவது என்று முடிவெடுத்தன. எழுதுவதற்கு முன்னால் ஆசிரியர்கள், பெற்றோர், சுற்றுவட்டார மக்கள் என்று எல்லாரிடமும் கருத்துக் கேட்க வேண்டும். கேட்டுத் தொகுப்பதற்குக் கல்வித் துறையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வருகிறார் என்றார்கள். எங்கள் பிளாட்டில் இந்தச் செய்தி வந்தபோது நான்காவது மாடி முனியம்மாதான் முதலில் சிரித்தாள். "வியூகமாக்கா? உள்ள போனா வெளிய வர வழி இருக்கா?"

அவள் சிரித்தாலும் விஷயம் சிரிப்பாக இல்லை. திட்டத்தில் பத்துப் பதினைந்து அம்சம் இருந்தாலும் எங்களுக்கு ஒன்றுதான் கண்ணில் பட்டது. எங்கள் பிளாட்டை ஒட்டியிருக்கும் பள்ளியை, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் புதிதாக எழும்பும் தாமான் குடியிருப்புக்கு மாற்றுவது. அங்கே நிலம் தர ஆள் தயார். புதுக் கட்டடம், புது மண்டபம், கார் நிறுத்த இடம். கார் இருப்பவர்களுக்கு எல்லாம் சரிதான். எங்கள் பிளாட்டில் பிள்ளைகள் நடந்துதான் பள்ளிக்குப் போகிறார்கள். பெற்றவர்கள் பாதிப்பேர் விடியுமுன்னே தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிவிடுகிறார்கள். பள்ளி அந்தப் பக்கம் போனால் நெடுஞ்சாலையைத் தாண்ட வேண்டும், இல்லாவிட்டால் வேன் வைக்க வேண்டும். இரண்டும் முடியாதவர்களுக்கு இரண்டு தெரு தள்ளி மலாய்ப் பள்ளி இருக்கிறது. அங்கே போய்விடுவார்கள். இதுதான் எங்கள் பயம்.

முதல் கூட்டம் ஆசிரியர்களுக்கு. பெற்றோர் சங்கத்தின் சார்பில் நானும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நல்லதம்பி சாரை அன்றுதான் முதலில் பார்த்தேன். மெலிந்த உடம்பு, கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை, கையில் நீளக் கறுப்புக் குடை. ஆசிரியர்கள் ஒவ்வொருவராக எழுந்து நல்ல திட்டம், அருமையான திட்டம், காலத்துக்கு ஏற்ற திட்டம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். அவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

"நல்லது எண்டு சொல்லுறதுக்கு நான் உங்களைக் கூப்பிடேல்லை. என்ன பிழை எண்டு சொல்லுங்கோ."

 வாரியத்தின் ஆட்கள் முன்வரிசையில் இருக்கும்போது யார் வாயைத் திறப்பார்கள்? அப்போதுதான் நான் எழுந்து, பிளாட்டுப் பெண்களிடம் வாங்கி வந்திருந்த துண்டுச் சீட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் அவர்முன் வைத்தேன். எழுதத் தெரிந்தவர்கள் எழுதியது, தெரியாதவர்களுக்காகப் பிள்ளைகள் எழுதியது. அவர் ஒன்றை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். இன்னொன்று. பிறகு டின்னை மூடி என் பக்கம் தள்ளினார்.

"ஒண்டிலயும் பேர் இல்லை, மிஸஸ் மாரியப்பன்."

"புள்ளைங்க இங்க படிக்குது சார். பேரைப் போட்டா நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

"பேர் இல்லாத கதை மொட்டைக் கடிதம். அதை நான் முப்பது வருஷம் அரசாங்கக் கந்தோரில் வாசிச்சனான். இனி வாசிக்கிறதாய் இல்லை."

எனக்குப் பெயர் உண்டு. கனகவல்லி. அதை அவர் ஒரு தரமும் சொன்னதில்லை. அந்த மிஸஸ் என்பதையும், அந்தப் பேச்சையும் கேட்டபோது எனக்கு என் அப்பாதான் ஞாபகம் வந்தார். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். தோட்டத்துக் கணக்கரான கிராணி பெயரைக் கூப்பிடுவார். கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் பெயரை வெட்டிவிடுவார், அன்றைக்குக் கூலி கிடையாது. எங்கள் தோட்டத்துக் கிராணியும் இவரைப் போல யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசினார். அன்று முதல் எங்கள் பிளாட்டில் நல்லதம்பி சாருக்குப் பெயர் கிராணி. வைத்தது நான்தான்.

அடுத்து மக்கள் கூட்டம். ஊர்மக்கள் எல்லாரும் வந்து கருத்துச் சொல்லலாம் என்று பள்ளி மண்டபத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலையைக் குறித்தார். அது ஆடி மாதத்து வெள்ளி. எங்கள் பிளாட்டின் கீழேயிருக்கும் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாள். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணும் வேறெங்கும் போக மாட்டாள். வேலைக்கே விடுப்புப் போடுவார்கள். அறிவிப்பு ஒட்டியவுடனே தலைமையாசிரியையிடம் சொன்னேன். "தேதியெல்லாம் ஐயா முடிவு பண்ணிட்டாரு கனகா. மாத்த முடியாதுங்கறாரு" என்றார். அந்தச் சாயங்காலம் நாங்கள் பெரிய பானைகளில் கூழைக் காய்ச்சி, வெங்காயம் நறுக்கிப்போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றிக்கொண்டிருந்தோம். பள்ளி மண்டபத்தில் விளக்கு எரிவது கோயிலிலிருந்தே தெரிந்தது. மண்டபத்துக்கு வந்தவர்கள் அவர், தலைமையாசிரியை, காவலாளி, புதுத் தாமானிலிருந்து காரில் வந்த சிலர். அவ்வளவுதான். வந்தவர்களுக்குப் பள்ளி மாறுவதில் ஆட்சேபம் இல்லை. அவரும் அப்படியே எழுதிக்கொண்டார்: பொதுமக்கள் தரப்பில் ஆட்சேபம் இல்லை.

இதைத் தலைமையாசிரியை எனக்குப் படித்துக் காட்டிய மறுநாளே நான் கொமுட்டர் ரயில் ஏறிப் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். அவர் வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரிய காரியமாக இல்லை. சாப்பாட்டுக் கடையில் கேட்டேன். "குடை வெச்சிருக்கற அங்கிளா?" என்று வழி காட்டினார்கள். தனியாள் வீடு. சுவரில் இயேசுநாதர் படம், பக்கத்தில் ரயில் நிலையம் ஒன்றின் பழைய புகைப்படம். அவரே தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். தண்ணீருக்குக் கொஞ்சம் சாயம் பூசின மாதிரி ஒரு தேநீர். நான் தொடவில்லை.

"அன்னைக்கு ஆடி வெள்ளி சார். கூழ் ஊத்துற நாள்."

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? கலண்டரில் சிவப்பு நாள் இல்லை."

"எங்க கேலண்டர்ல இருக்கு."

"வராதவை வராதவைதான், மிஸஸ் மாரியப்பன். வந்தவையின்ர கருத்தைத்தான் நான் எழுதலாம்."

"வரலன்னா ஒத்துக்கிட்டோம்னு அர்த்தமா? இதென்ன பெரட்டா? எங்கப்பா வரலன்னா உங்கப்பா பேரை வெட்டுவாரு. இப்ப நீங்க எங்க பேரை வெட்டறீங்க."

அவர் முகம் சிவந்துவிட்டது. "என்ர அப்பா கிராணி இல்லை. ரயில்வேயில ஸ்டேஷன் மாஸ்டர்."

"அது இன்னும் மோசம் சார். ஓடி வர்றவன் கண்ணு முன்னாடியே கொடியைக் காட்டி ரயில அனுப்பிருப்பாரு."

நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று நீங்கள் நினைக்கலாம். நான் நினைக்கவில்லை. அவர் அந்தப் புகைப்படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.  பிறகு, "அடுத்த வெள்ளி அங்க என்ன?" என்றார்.

"விளக்கு பூசை."

"நான் வாறன். உங்கட கோயிலுக்கே வாறன். ஆனால் பேர் சொல்லித்தான் கதைக்க வேணும்."

வந்தார். எங்கள் கோயில் வாசலுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். உள்ளே வரவில்லை, நாங்கள் கூப்பிடவும் இல்லை. பூசை முடிந்து பெண்கள் குத்துவிளக்கைக் கையில் ஏந்தியபடியே அவரைச் சுற்றி நின்றார்கள். யாரோ ஒரு தட்டில் சுண்டலும் சர்க்கரைப் பொங்கலும் நீட்டினார்கள்.

"வேண்டாம். படைச்சதை நாங்கள் சாப்பிடுறதில்லை" என்றார்.

முனியம்மா பின்னாலிருந்து சொன்னாள்: "அப்ப எங்க பேச்ச மட்டும் வாங்கித் திங்க வந்தீங்களா?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "படைக்காதது ஏதும் இருக்கோ?" என்று கேட்டார்.

"டீ இருக்கு சார். அம்மனுக்கு டீ படைக்கறது இல்ல."

தேநீர் வந்தது. எங்கள் தேநீர், டின்பால் ஊற்றி இழுத்து ஆற்றியது. முழுவதையும் குடித்தார். குடித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். "முதல் ஆள் ஆர்?" என்றார். யாரும் முன்னே வரவில்லை. பெயரைச் சொல்வதென்றால் எங்கள் பெண்களுக்குப் பயம். முனியம்மாதான் விளக்கைத் தரையில் வைத்துவிட்டு வந்து நின்றாள். அவள் சொன்னதைப் பிறகு சொல்கிறேன். அவள் சொன்ன பிறகு மற்றவர்களுக்கும் வாய் திறந்தது. திட்டம், பள்ளி, வேன், கழிப்பறை, கிராணி, எல்லாம் வந்தது. ஒருத்தி அவர் முகத்துக்கு நேராகவே, "உங்களுக்கென்ன சார், உங்க வீட்டுப் புள்ளயா ரோட்டத் தாண்டப் போவுது? ஒரு நாள் நடந்து பாருங்க லா" என்றாள். அதையும் பெயரோடு எழுதிக்கொண்டார்.

அந்த வாரமே நடந்து பார்த்தார். என்னையும் கூப்பிட்டார். கூப்பிட்டார் என்று சொல்லக் கூடாது, "நீங்களும் வாங்கோ, பிறகு நான் பொய் எழுதினன் எண்டு சொல்லுவியள்" என்று உத்தரவு போட்டார். உச்சி வெயில். பிளாட்டிலிருந்து புது இடத்துக்கு நெடுஞ்சாலை மேம்பாலத்தின் வழியாகப் போனோம். அவர் குடை பிடித்திருந்தார். ஒரு தரமும் அதை என் பக்கம் சாய்க்கவில்லை. பாலத்தின் நடுவில் நின்று மூச்சு வாங்கினார். கீழே லோரிகள் போய்க்கொண்டிருந்தன.

"உங்கட பிள்ளை இந்தப் பள்ளியிலயோ?"

"சின்னவன் இந்த வருஷத்தோட முடிச்சிடுவான்."

"அப்ப உங்களுக்கு நட்டம் ஒண்டும் இல்லையே."

"உங்களுக்குப் புள்ளையே இல்ல. உங்களுக்கென்ன இதுல?"

அவர் நடையைத் தொடர்ந்தார். பாலத்தின் மறுபக்கம் படிகள் நேரே ஒரு கால்வாய் ஓரத்தில் போய் இறங்கின. நடைபாதை என்று ஒன்று இல்லை. லோரிகள் உரசிக்கொண்டு போயின. அவர் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கால்வாய்ச் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார். புது இடத்தின் வேலிவரை போய்த் தொட்டுவிட்டுத்தான் திரும்பினார்.  

வாரியக் கூட்டத்துக்கு எல்லாத் தரப்பையும் கூப்பிட்டிருந்தார். ஆசிரியர்களும் இருந்தார்கள். முனியம்மாவுக்கு அன்று வேலை, வரவில்லை. அவர் எழுந்து நின்று, எழுதியதை ஒவ்வொன்றாக, சொன்னவர் பெயரோடு, சொன்ன சொல்லிலேயே வாசித்தார். கிராணி என்று தன்னைச் சொன்னதைக்கூட விடவில்லை. யாழ்ப்பாணத்து வாயில் எங்கள் பேச்சு வந்தபோது சிலர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். முனியம்மாவின் முறை வந்தது.

"முனியம்மா முனுசாமி, நாலாம் மாடி. 'நான் விடிகாலையில ஃபேக்டரி பஸ் ஏறிடுவேன். எம்பொண்ணு தானா எழுந்திரிச்சு, தானா தலை வாரிக்கிட்டு, தானா நடந்து ஸ்கூலுக்குப் போவா. ஸ்கூலு அந்தப் பக்கம் போச்சுன்னா மலாய் ஸ்கூல்ல போட்டுருவேன். எனக்குத் தமிழ் வேணாம்னு இல்ல. அந்த ரோட்டத் தாண்டறதுக்கு அவகிட்ட ஒரு உசுருதான் இருக்கு.'"

 அவர் அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. முனியம்மா தொடர்ந்து சொன்னதையும் வாசிக்கத் தொடங்கினார்: "'இன்னொண்ணு. எம்பொண்ணோட டீச்சரு, கார்ல வர்ற புள்ளைங்கள முன்னாடி உக்கார வெக்கிறாங்க. எம்பொண்ணு எப்பவும் கடைசி...'"

அந்த ஆசிரியை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் எழுந்துவிட்டேன். "சார், அத வாசிக்காதீங்க!"

"உட்காருங்கோ, மிஸஸ் மாரியப்பன். அரைவாசி வாசிச்சால் அது என்ர கருத்து. முழுசா வாசிச்சால்தான் அவவின்ர கருத்து."

முழுதாக வாசித்தார். ஆசிரியையின் பெயரையும் முனியம்மா சொன்னபடியே வாசித்தார். ஆசிரியை குனிந்தபடி இருந்தார். வாரியத்தில் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சிலர் இப்படித்தான் சார். எது செஞ்சாலும் எதிர்ப்பாங்க" என்றார்.

"சிலர் எண்டு இங்க ஒருத்தரும் இல்லை" என்றார் நல்லதம்பி சார். "முனியம்மா முனுசாமி இருக்கிறா. மற்றவையின்ர பேரும் இருக்குது. நான் அந்தப் பாதையில் நடந்தனான். ஆருக்கும் நடந்து பார்க்க விருப்பம் எண்டால் சொல்லுங்கோ, இப்ப போவம்."

யாரும் எழவில்லை. பள்ளி மாற்றம் அந்தக் கூட்டத்தோடு கைவிடப்பட்டது. இன்றைக்கும் எங்கள் பிளாட்டுப் பிள்ளைகள் நடந்தே பள்ளிக்குப் போகிறார்கள் என்றால் அது அவர் வாசித்ததால்தான். இதை நான் மறுக்கவில்லை. மறுத்தால் அம்மன் கேட்பாள்.

ஆனால் மறுநாள் என்ன நடந்தது என்று இந்த மலரில் வேறு யாரும் எழுதப்போவதில்லை. அந்த ஆசிரியை முனியம்மாவின் மகளை அடிக்கவில்லை, திட்டவில்லை. வகுப்பு மொத்தமும் பார்க்க, "வாம்மா, முன்னாடி வந்து உக்காரு. உங்கம்மா மீட்டிங்ல சொல்லி அனுப்பிருக்காங்களே" என்று கூப்பிட்டு முதல் வரிசையில் உட்காரவைத்தார். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நோட்டைத் திருத்துவார், பேசமாட்டார். தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னேன். "அடிச்சா விசாரிக்கலாம் கனகா. பேசலன்னா என்னன்னு விசாரிக்கறது?" என்றார். பிள்ளை வீட்டில் அழுதது. முனியம்மா வருடக் கடைசிவரை பார்த்தாள். பிறகு மகளை அந்த மலாய்ப் பள்ளியிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தாள். பள்ளியை எங்களுக்காக இங்கேயே நிறுத்திவைத்தவள் வீட்டுப் பிள்ளைதான் முதலில் அதைவிட்டுப் போனது.

நான்தான் அவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். நல்ல வார்த்தையில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து வந்தார். எங்கள் பிளாட்டில் லிஃப்ட் எப்போதும்போல் பழுது. குடையை ஊன்றிக்கொண்டு நான்காவது மாடிவரை ஏறினார். முனியம்மா உள்கதவைத் திறந்தாள், இரும்புக் கம்பிக் கதவைத் திறக்கவில்லை. நான் படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"உங்க பேரை நான் எங்கயாச்சும் போயிச் சொன்னேனா சார்?" என்றாள். "எம்பேரை மட்டும் ஏன் சொன்னீங்க?"

"நீங்கள் எனக்குப் பேர் சொல்லித்தானே கதைச்சனீங்கள்."

"உங்ககிட்ட சொன்னேன். அவங்ககிட்ட சொல்லச் சொன்னேனா?"

அவர் கம்பியைப் பிடித்தபடி நின்றார். முனியம்மா உள்கதவைச் சாத்திவிட்டாள். ஒரு மாடி கீழே இறங்கி என் வாசலில் வந்து, "கொஞ்சம் தண்ணி" என்றார். கொடுத்தேன். உட்காரச் சொல்லவில்லை. இன்றுவரை அதற்கு எனக்கு வருத்தமும் இல்லை.

"பேர் இல்லாமல் வாசிச்சிருந்தால் பள்ளிக்கூடம் போயிருக்கும்" என்றார்.

"பேரோட வாசிச்சதால அந்தப் புள்ள ஸ்கூல விட்டே போயிருச்சு சார்."

தண்ணீரைக் குடித்து முடித்தார். டம்ளரை என் செருப்பு அலமாரியின்மேல் வைத்தார். "ஓம்" என்று ஒத்துக்கொண்டார். அவ்வளவுதான். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

திட்டம் அச்சாகி வந்தபோது எனக்கும் ஒரு பிரதி அனுப்பினார். உறையில் "மிஸஸ் மாரியப்பன்" என்றுதான் இருந்தது. உள்ளே இரண்டு விஷயங்கள் புதிதாக இருந்தன. வகுப்பில் பிள்ளைகளின் இடத்தை மாதம் ஒருமுறை சுழற்சியாக மாற்ற வேண்டும் என்பது ஒன்று. ஊர்க்கூட்டத்துக்கு நாள் குறிக்கும்முன் கோயில், தேவாலய நாள்களைக் கேட்டறிய வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவது யார் கேட்டது என்று உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு எல்லா வகுப்பிலும் அது நடக்கிறது, கேட்டவள் மகள் மட்டும் அந்த வகுப்பில் இல்லை. திட்டத்தை மூடி வைத்துவிட்டேன். அவருக்கு நன்றி சொல்லவில்லை. அதன்பிறகு கூட்டங்களில் பார்க்கும்போதெல்லாம் நாங்கள் சண்டைதான் போட்டோம். கழிப்பறைக்குச் சண்டை, நூலக நேரத்துக்குச் சண்டை, தேநீருக்குக்கூடச் சண்டை.

அவருடைய இறுதி ஆராதனைக்குப் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். நெற்றியில் திருநீற்றோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக எழுந்து நல்லவர், அருமையானவர், அமைதியானவர் என்று பேசினார்கள். பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் வருமோ என்று எனக்குப் பட்டது: நல்லது எண்டு சொல்லுறதுக்கு நான் உங்களைக் கூப்பிடேல்லை. அந்த இடத்தில்தான், எழுதச் சொன்னதை எழுதுவது என்று முடிவு செய்தேன். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு அவருக்கும் சேர்த்து ஒரு விளக்கு ஏற்றினேன். நல்ல மனுஷன் என்று பொய் சொல்லாமல், நடந்ததை நடந்தபடி அம்மனிடம் சொல்லித்தான் ஏற்றினேன்.

இந்த வருடம் முதல் நான் வாரியத்தில் ஒரு உறுப்பினர். அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்துக்குக் கருத்துக் கேட்கிற வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. வீடு வீடாகப் போகிறேன். பெயர் இல்லாமல் சொல்கிறவர்களிடம், "பேரோட சொன்னாத்தான் எடுபடும்" என்று அவர் மாதிரியே சொல்கிறேன். என் வாயிலேயே அது வருவதைக் கேட்டு எனக்கே எரிச்சலாக இருக்கிறது. ஆனால் எழுதிக்கொண்ட பிறகு, அவர் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன்: "இத யாரு முன்னாடி வாசிக்கலாம்? யாரு முன்னாடி வாசிக்கக் கூடாது?" கூடாது என்றால் அந்தப் பகுதியை நான் மட்டும் போய், ஆளைப் பார்த்து, என் பெயரில் பேசுகிறேன்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இதுதான். பாதி அவர் கொடுத்தது, மீதிப் பாதி அவரோடு போட்ட சண்டையில் வந்தது.

இதை எழுதத் தொடங்குமுன் நான்காவது மாடிக்கு ஏறினேன். முனியம்மா அப்போதுதான் வேலைவிட்டு வந்து கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவள் மகள் மலாயில் ஏதோ பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். சார் தவறிவிட்டதைச் சொன்னேன்.

"கிராணியா?" என்றாள். கொஞ்ச நேரம் காலைத் தடவிக்கொண்டிருந்தாள். "ஃபேக்டரியில என்னைய நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவானுங்க. ஸ்கூல்ல அவளோட அம்மா. முழுப் பேரைச் சொன்னது அந்த ஆளு ஒருத்தருதான். எங்கப்பா பேரையும் சேத்துச் சொன்னாரு." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கேட்டுட்டுச் சொல்லிருக்கலாம்."

"மலர்ல எழுதச் சொல்றாங்க. உன் பேரை எழுதலாமா?"

"என்ன எழுதுவீங்க?"

முழுவதையும் வாயாலேயே சொல்லிக் காட்டினேன். ஆசிரியை பிள்ளையை முன்வரிசைக்குக் கூப்பிட்ட இடம் வந்தபோது உள்ளே ஒப்பிக்கிற சத்தம் நின்றது. பிள்ளையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். முனியம்மா அறைப்பக்கம் திரும்பி, "எழுதலாமாடி?" என்று கேட்டாள். உள்ளேயிருந்து, "ம்ம். எம்பேர் வேணாம்" என்று பதில் வந்தது.

அதனால்தான் இதில் முனியம்மா முனுசாமியின் பெயர் முழுதாக இருக்கிறது. அவள் மகளின் பெயர் இல்லை. அந்த ஆசிரியையிடமும் நேரில் போய்க் கேட்டேன். வேண்டாம் என்றார். அவர் பெயரும் இல்லை.

நல்லதம்பி சாரிடம் கேட்க வழியில்லை. கேட்டிருந்தாலும், முழுதாக எழுதுங்கோ என்றுதான் சொல்லியிருப்பார். எழுதியிருக்கிறேன். அடியில் என் பெயரும் இருக்கிறது.

கனகவல்லி மாரியப்பன்,
மூன்றாம் மாடி.